பாட்டுக்கு அடியில்

...அமுக்கினால் போதும், ஒரே ஓர் அமுக்கு, "முறைப்பாட்டை மீளப்பெறுக" என்ற வரி எந்த மூலையில் இருக்கிறது என்பதைக்கூட றஜிந்தன் காலையிலேயே பார்த்து வைத்துவிட்டான், ஆனால் பார்த்து வைப்பது வேறு அமுக்குவது வேறு, முக்காலியை விரித்துக் கமராவைப் பூட்டும்போது கை தன் பாட்டில் வேலை செய்கிறது, இருபது வருடப் பழக்கம், கலியாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் அதே மூன்று கால், அதே திருகாணி, மூளைதான் எங்கேயோ நிற்கிறது. மணி நாலு பத்து. ஐந்து மணிக்குச் செபம் தொடங்கும், கனடாவில் அப்போது காலை ஏழரை, இந்த வீட்டு மகன் ஜெரிசன் வேலைக்குப் போகமுன் தன் அப்பாவின் முப்பத்தோராம் நாள் செபத்தை நேரலையில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் காலைப் பூசையோடு முடியவேண்டியதைப் பின்னேரமும் வீட்டில் வைத்திருக்கிறார்கள். ஐந்து இருபதுக்கு மற்றது. மற்றது என்றுதான் மனதுக்குள்ளும் சொல்லிக்கொண்டிருந்தான், பெயர் வைத்தால் அது தன்னுடையதாகிவிடும் என்ற பயமா, என்ன பயம்... போன சனிக்கிழமை பின்னேரம் ஐந்து இருபதுக்கு அனுப்பியது, ஏழு நாள் அவகாசம், இன்று அதே நேரத்துக்கு, அவன் எடுத்த படத்தில் கொஞ்சத்தைப் போட்டிருந்த அந்தப் பண்டத்தரிப்புப் பெண்ணின் காணொளி இணையத்திலிருந்து போய்விடும், போன இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வசனம் வரும், பதிப்புரிமை முறைப்பாட்டின் காரணமாக நீக்கப்பட்டது, முறைப்பாடு செய்தவர் அந்தோனி றஜிந்தன். பெயரும் வரும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லவில்லையா, அல்லது படிவத்தில் எழுதியிருந்ததை அவன்தான் வாசிக்கவில்லையா, அந்தப் படிவத்தில் எவ்வளவோ எழுதியிருந்தது, யார் வாசிக்கிறார்கள்.

"றஜித் தம்பி, பிளேன்ரீயைக் குடியும், ஆறப்போகுது" என்று யசிந்தாக்கா கோப்பையை நீட்டினார், சந்தியோகு அண்ணையின் மனைவி, ஒரு மாதத்துக்குள் கழுத்தெலும்பு தெரிய மெலிந்துபோனவர். வாங்கிக்கொண்டான். இந்த வீட்டுத் தேத்தண்ணியை அவன் எத்தனை தரம் குடித்திருப்பான், குருநகரில் நாலு ஒழுங்கை தள்ளித்தான் அவன் வீடு, ஒரே கோயில், ஒரே திருநாள், இந்த வீட்டின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கமரா அவனுடையதுதான். சுவரில் சந்தியோகு அண்ணையின் படம், அதுவும் அவன் எடுத்தது, அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்து நீலக் கோட்டுப் போட்டது, கடலில் காய்ந்த அந்தக் கழுத்துக்கு அந்தக் கோட்டுப் பொருந்தவே இல்லை, மனுசன் உயிரோடு இருந்திருந்தால் உதென்ன தம்பி என்னைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்போறியோ என்று கேட்டிருப்பார். செத்தவீடு அன்றைக்கு அவன் கமராவைத் தூக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் வாசலில் நின்றபோது யசிந்தாக்காதான் வந்து கையைப் பிடித்தார், "நீர் ஏன் தம்பி தலை குனியிறீர், நீர் கமராவைத்தானே பிடிச்சனீர், மருந்தே குடுத்தனீர்?" அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முப்பத்தொரு நாளும் சோறு தின்கிறான். கமராவைத்தானே பிடித்தான். ஓம், கமராவைத்தான். தேத்தண்ணியைக் குடிக்காமலே யன்னல் விளிம்பில் வைத்தான்.

பரமலிங்கம் ஐயா கெட்டவரா? இதைத்தான் அவனால் ஒரு முடிவுக்குக் கொண்டுவர முடியவில்லை. நல்லூரில் ஒரு பெரிய வீட்டை எடுத்து இயற்கை மருத்துவ சென்ரர் என்று பலகை போட்டிருக்கிறார், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட், வாயைத் திறந்தால் தேன், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று யார் போனாலும் இன்சுலின் ஊசியை விடுங்கோ குளிசையை விடுங்கோ என்று ஒரு போத்தல் கசாயத்தைக் கையில் கொடுத்துவிடுவார். கொரோனா நேரம் கலியாணமும் இல்லை, பிள்ளைகளுக்குக் கோயிலில் முதல்நன்மையும் இல்லை என்று ஸ்ரூடியோ பூட்டிக் கிடந்தபோது, சனிக்கிழமை தோறும் வாரும் தம்பி என்று கூப்பிட்டவரும் அவர்தான், கூப்பிட்டு, ஊசியை விட்டுச் சுகமானவர்கள் என்று ஆட்களை இருத்திப் பேசவைத்து, அவன் அதைப் படமெடுத்து, பாட்டுப் போட்டு, அவர் இணையச் சனலில் ஏற்றி, இலட்சக்கணக்கில் சனம் பார்த்து... அந்தச் சனம் என்ன செய்தது என்று அவன் ஒருநாளும் யோசிக்கவில்லை, கலியாண வீடியோவைப் பார்த்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று யாராவது யோசிப்பார்களா. போன கிழமை ஐயா கூப்பிட்டு இருத்தி, தோளில் கைபோட்டு, "தம்பி, உம்மடை உழைப்பைக் களவெடுத்திருக்கிறாள் ஒருத்தி, நாப்பது செக்கன், உம்மட்டை ஒரு சொல்லுக் கேட்டவளே?" என்றார். கேட்கவில்லை. அது உண்மைதானே? இதில்தான் அவனுக்குத் தலை சுற்றுகிறது, ஏனென்றால் களவு என்ற சொல் அவனுக்கு உறைக்கும், வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவில் கடலுக்கு மேலே ட்ரோன் விட்டு அவன் எடுத்த காட்சியைப் பாரிசில் இருந்து எவனோ எடுத்து, மூலையில் இருந்த ஸ்ரூடியோப் பெயரை வெட்டி எறிந்துவிட்டுத் தன்னுடையது என்று போட்டான், இரண்டு இரவு நித்திரை இல்லை, அந்த ஆத்திரம் பொய்யில்லை, அன்றைக்கு இதே படிவத்தை நிரப்பித்தான் அதை நீக்குவித்தான், நீதி கிடைத்தது என்று மனைவிக்கு ஐஸ்கிறீம்கூட வாங்கிக்கொடுத்தான். அன்று நீதியாக இருந்த படிவம் இன்று என்னவாம்? அதே படிவம், அதே பெட்டிகள்.

சென்ரரின் பெயரில் ஏற்கெனவே இரண்டு தரம் அவள்மீது முறைப்பாடு போட்டாகிவிட்டது, மூன்றாவதையும் சென்ரரே போட்டால் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள் என்று சனம் கதைக்கும், படம் பிடித்தவன் போட்டால் அது தொழிலாளியின் உரிமை, இதை ஐயா இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது இதுதான், மூன்று சேர்ந்தால் சனலையே மூடிவிடுவார்கள் என்பதையும் சொல்லவில்லை, அதை அவன் பிறகு தேடித்தான் அறிந்தான். சரி என்று ஸ்ரூடியோவுக்கு வந்து உட்கார்ந்து படிவத்தைத் திறந்தான். இது உங்களுடைய சொந்த ஆக்கமா, ஓம், சரி போடு. நல்லெண்ணத்துடன் நம்புகிறீர்களா, ஓம், சரி போடு. களவுபோன பகுதி எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை? அதற்காக அவளுடைய காணொளியை ஒருதரம் ஓடவிட்டுப் பார்த்தான், சத்தமில்லாமல், ஏனென்றால் காதில் வேறொரு கலியாணத்தின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வேலை வேலைதானே. சந்தியோகு அண்ணையின் முகம் வந்தது, இரண்டாம் நிமிடம் பதினோராம் செக்கனில் இருந்து ஐம்பத்தோராம் செக்கன் வரை, எழுதிப் போட்டான். செத்த மனுசனின் முகத்தைப் பார்த்து நேரம் குறித்தான். அப்போது ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் இப்போது தோன்றிக்கொண்டிருக்கிறது. உடனே நீக்கவா, ஏழு நாள் அவகாசம் கொடுத்து நீக்கவா என்று படிவம் கேட்டது, அவகாசம் கொடுத்தான், அது நல்ல மனமா கோழைத்தனமா என்று அவனுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே போன் எடுத்தாள். தெரியாத நம்பர், கலியாண ஓடர் என்று நினைத்துப் பல்லெல்லாம் தெரியக் குரலை வைத்துக்கொண்டு எடுத்தால், "குருநகர் றஜிந்தனோ? நான் கஜானி, பண்டத்தரிப்பிலை மருந்தாளரா இருக்கிறன்" என்றாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால் இல்லை, களைத்துப்போன குரல், நாள் முழுக்க நின்று மருந்து கொடுத்துவிட்டு வந்தவளின் குரல். "உங்களோடை சண்டைக்கு வரேல்லை. இணையத்திலை மரண அறிவித்தல் பாத்தனான், முகத்தைக் கண்டவுடனை தெரிஞ்சுது, உந்தச் சென்ரர் வீடியோவிலை ஊசியை விட்டிட்டன் எண்டு சொன்ன மனுசன். அவை அடுத்தநாளே அந்த வீடியோவை அழிச்சுப்போட்டினம், நான் முதலே ஒரு கொப்பி எடுத்து வைச்சிருந்தன். அதிலை நாப்பது செக்கன்தான் போட்டனான், ஊசியை விடாதையுங்கோ எண்டு நான் கதைச்சது பன்னிரண்டு நிமிசம். பாட்டுக்கும் கொப்பிரைட் போடுவினம் எண்டு பயந்து பின்னாலை போன பாட்டைக்கூடக் கழட்டிப்போட்டுத்தான் போட்டனான். இது மூண்டாவது முறைப்பாடு, சனல் முழுக்கப் போகும், மூண்டு வருசத்து வீடியோ." அவன் என்ன சொன்னான்? அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. "அது வேறை றஜிந்தன் போலை கிடக்கு அக்கா" என்றான். குருநகர் முழுக்கத் தேடினாலும் கமராவோடு ஒரேயொரு றஜிந்தன்தான், அது அவளுக்கும் தெரிந்திருக்கும், "சரி, அப்ப அந்த றஜிந்தனைக் கண்டால் சொல்லிவிடுங்கோ" என்று வைத்துவிட்டாள். நாற்பது வயது ஆம்பிளை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு பொம்பிளைக்குப் பயந்து தன்னையே வேறு ஆள் என்று சொன்னான்.

மைக்கைப் படத்துக்குக் கீழே வைத்து, வயரைப் பாய்க்கு அடியால் இழுத்து, செபம் சொல்ல வரும் யாகோப்பு அண்ணையின் கால் தடுக்காமல் ஒட்டினான். சுவரோடு பெரிய ரீவி, அதில் செபத்துக்குப் பிறகு படங்கள் ஓடவேண்டும், அது வேறு ஒரு தலையிடி. மகள் றொசாந்தி போன கிழமை வந்து கேட்டாள், "அண்ணை, அப்பா கதைக்கிற மாதிரி ஏதாவது உங்களட்டை இருக்கும்தானே, எங்கடை வீட்டு விசேசம் எல்லாம் நீங்கள்தானே எடுத்தனீங்கள்." இருக்கும் பிள்ளை, எடுத்துத் தாறன் என்று வாக்குக் கொடுத்தான். மூன்று நாள் பழைய டிஸ்குகளைக் கிண்டினான். றொசாந்தியின் முதல்நன்மை, சந்தியோகு அண்ணை கையை ஆட்டி ஆட்டி யாருக்கோ எதையோ சொல்லிச் சிரிக்கிறார், மேலே பாட்டு. ஜெரிசன் கனடா போன அன்று வாசலில் நின்று மகனின் காதுக்குள் ஏதோ சொல்கிறார், மேலே பாட்டு. புது வள்ளம் மந்திரித்த அன்று பாதரோடு பகிடி விடுகிறார், பாதரே குலுங்கிச் சிரிக்கிறார், அதற்கு மேலேயும் பாட்டு. தொழில் அப்படி, சனம் கலியாண வீட்டில் என்ன கதைக்கும், சோறு காணுமோ, வான் வந்திட்டுதோ, அந்தப் பிள்ளையை மறைக்காதையுங்கோ என்று கத்தும், அதை யார் கேட்பார்கள் என்று கதைக்கிற சத்தத்தை இறக்கிப் பாட்டை ஏற்றிவிடுவது, பிறகு மெமரிக் காட்டைத் துடைத்து அடுத்த விசேசத்துக்கு எடுப்பது. இருபது வருடமாக ஊர் முழுக்க வாயசைக்கிறது, ஒரு குரலும் இல்லை. மனுசனோ பட்டன் போன்தான் வைத்திருந்தார், கடலுக்குப் போறவனுக்கு ரச் போன் என்னத்துக்கு என்று, அதனால் அனுப்பிவைத்த குரல் ஒன்றும் யாரிடமும் இல்லை. ஒரேயொரு இடத்தில்தான், சென்ரர் வீடியோவில்தான், சந்தியோகு அண்ணை கதைக்கிறார். அதையும் சென்ரரில் ஐயா பக்கத்தில் நின்று அழியும் தம்பி என்று சொல்ல அழித்துவிட்டான். இனி அது கேட்பது பண்டத்தரிப்புப் பெண்ணின் சனலில்தான். ஐந்து இருபது வரை.

அப்படியென்றால் அதை இறக்கி வைத்துக்கொண்டு, அவளுடைய பேச்சை வெட்டிவிட்டு, நாற்பது செக்கனை மட்டும் ரீவியில் ஓட்டலாம்... என்று ஒரு யோசனை நேற்று வந்தது. அவள் பேசுவதை வெட்டினால் மிஞ்சுவது என்ன? முப்பத்தோராம் நாள் செபத்தில், படத்துக்குப் பக்கத்தில், ஊசியை விட்டிட்டன் இப்ப நல்ல சுகம் என்று செத்த மனுசன் சொல்வார். கனடாவில் மகன் கேட்பான். வாசலில் வாங்குகளில் இருக்கும் சனத்தில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம், அவர்களும் கேட்பார்கள். பெரியாஸ்பத்திரியில் டொக்டர் அறுநூறுக்கு மேலை சீனி, ஏன் ஊசியை விட்டனீங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம், காலை எடுக்கவேண்டும் என்று சொன்ன அன்றைக்கு இரவே மனுசன் போய்விட்டார். ஊசியை விட்டதாலா, வலை உதறும்போது காலில் ஏறிய மீன்முள்ளாலா? ஐயா சொல்வதுபோல இடையில் ஒரு கலியாண வீட்டில் கருப்பட்டி வட்டிலப்பம் தின்றதாலா? எதால் என்று அவனுக்கு எப்படித் தெரியும், அவன் என்ன டொக்டரா, அவன் கமராவைப்...

"றஜி அண்ணை." றொசாந்தி. கறுப்புச் சட்டை, கையில் போன். ரீவிக்குப் பின்னால் வயரோடு குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை, அப்பா செத்ததில் இருந்து அழுததை ஒருவரும் காணவில்லை என்று ஒழுங்கையில் கதை. "அப்பான்ரை வீடியோ இண்டையோடை போகுதாம் அண்ணை. கஜானி அக்கா சொன்னவ. அறிவித்தலிலை இருந்த நம்பருக்கு அவ எடுத்துக் கேக்க, நான்தான் போடச் சொன்னனான், போட்டால் நாலு பேராவது ஊசியை விடாமல் இருப்பினம் எண்டு. ஆரோ முறைப்பாடு குடுத்திருக்கினமாம், ஆரெண்டு கேட்டன், சொல்லமாட்டாவாம். சென்ரர் ஆக்களாத்தான் இருக்கும். நீங்கள் உந்த வேலையிலை இருக்கிறனீங்கள், உங்களுக்குத் தெரியும்தானே, அதை நிப்பாட்ட வழி ஒண்டும் இல்லையோ?" சொல்லவில்லையாம். அவள் பெயரைச் சொல்லவில்லையாம். அவன் ஏதோ சொன்னான், பாப்பம் பிள்ளை, முறைப்பாடு குடுத்தவையே திருப்பி எடுத்தால்தான் உண்டு, அப்படி ஏதோ, தன் வாய் உண்மையைச் சொல்கிறது என்பதே அவனுக்கு அதிசயமாக இருந்தது. அந்த நிமிடத்தில், சத்தியமாக, மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, வெளியே போய் வேலிப் பக்கம் நின்று அமுக்கிவிடுவோம், சனிக்கிழமை வேலை போனால் போகட்டும், ஐயா முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், சாம்பல் எழுத்தில் பெயர் வராது, இந்தப் பிள்ளைக்குத் தகப்பனின் குரல் இருக்கும். போனை எடுக்கப் பையில் கைவைத்தும் விட்டான்.

"நான் நாளுக்குப் பத்துத்தரம் கேக்கிறனான்" என்றாள் றொசாந்தி, போனை அவன் காதோடு பிடித்து. "இஞ்சை கேளுங்கோ, அப்பா தொடங்கமுன்னம் ஒரு சத்தம். நீங்கள்தானே அண்ணை?" கேட்டான். தண்ணிக்குள் இருந்து வருவதுபோல, பாட்டைக் கழற்றியதில் அரைவாசி அரிந்துபோன ஒரு குரல், ஆனால் அவன் குரல், கலியாண வீடுகளில் சனத்தை ஒதுக்கும் அதே அவசரக் குரல். அண்ணை, அதை விடுங்கோ. முதல் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ. பிறகு சந்தியோகு அண்ணையின் தொண்டைச் செருமல். பிறகு தெளிவாக, ஊசியை விட்டு மூண்டு மாசம், இப்ப நல்ல சுகம். தொடக்கத்தில் சும்மா கிடந்த மூன்று நாலு செக்கனை வெட்டாமல் பாட்டை ஏற்றி மூடியது அவன்தான், எப்போதும் செய்கிறதுதான், பாட்டுக்குக் கீழே இருப்பது யாருக்குக் கேட்கும் என்றுதான். கொப்பிரைட்டுக்குப் பயந்து அவள் பாட்டைக் கழற்றியிருக்கிறாள். பாட்டுப் போக அவன் வெளியே வந்திருக்கிறான். றொசாந்தியின் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை, கோபம் இருந்திருந்தால் நல்லது, அங்கே இருந்தது ஆசை, பசித்த பிள்ளையின் ஆசை. "எதை விடச் சொன்னனீங்கள் அண்ணை? அதுக்கு முதல் அப்பா என்ன சொன்னவர்?"

"நினைவில்லை பிள்ளை" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. "எத்தினை பேரை எடுக்கிறம்... செபம் முடியட்டும், யோசிச்சுச் சொல்லுறன்." அவள் தலையாட்டிவிட்டு மெழுகுதிரி கொளுத்தப் போனாள். நினைவில்லையாம். சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. அன்றைக்கு ஒரு முதல்நன்மைக்கு ஓடவேண்டும், நேரம் பிந்திவிட்டது, சந்தியோகு அண்ணை பிளாஸ்ரிக் கதிரையில் கூச்சத்தோடு இருந்து, ஊசியை விட்டிட்டன், கசாயம்தான் குடிக்கிறன், சுகமாத்தான் கிடக்கு என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல், கமராவை மறந்து, கமராவுக்குப் பின்னால் நின்ற அவனைப் பார்த்து, ஊர்ப் பெடியனிடம் சொல்வதுபோல, "ஆனால் தம்பி, கால் எரிஞ்சுகொண்டு கிடந்தது, இப்ப எரிவும் இல்லை, ஒண்டும் இல்லை, செருப்புக் கழண்டு போனாலும் தெரியுதில்லை, நேத்து ஆணி குத்தி இரத்தம் வந்தபிறகுதான் கண்டனான், அது நல்லதோ கூடாதோ எண்டு ஒருக்கா ஐயாட்டைக் கேட்டுச் சொல்லுவியே?" என்று கேட்டார். அவனிடம்தான் கேட்டார். பாரபட்சமில்லாமல் அவன் எல்லாருக்கும் சொல்கிறதையே சொன்னான், அதை விடுங்கோ, முதல் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ. கலியாணத்தில் தாலி கட்டும்போது யாராவது இருமினால் வெட்டுவதில்லையா, அப்படித்தான். ஐயாவிடம் கேட்டானா? முதல்நன்மைக்கு ஓடினான். இரண்டு மாதம் கழித்து மீன்முள் காலுக்குள் ஏறி நாலு நாள் கிடந்தது மனுசனுக்குத் தெரியவில்லை.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க பரமலிங்கம் ஐயாவின் பெயர் போனில் மின்னியது, எடுக்கவில்லை, மின்னி மின்னி அடங்கியது. யாகோப்பு அண்ணை வந்து பாயில் இருந்தார், சனம் நிறைந்தது, சிலுவை அடையாளம். நேரலையைத் தொடக்கினான், ஜெரிசன் வந்துவிட்டான், அவன் பெயருக்குக் கீழே ஒரு வரி, "அண்ணை சத்தம் வரேல்லை." பார்த்தால் மைக்கைத் திறக்கவில்லை, இருபது வருடத்தில் செய்யாத பிழை, கை அதன் பாட்டில் அடைத்து வைத்திருக்கிறது, இல்லையென்றால் அவனா? பதறித் திறப்பதற்குள் ஒரு முழுப் பரலோக மந்திரம் வாயசைவாகக் கனடாவுக்குப் போய்விட்டது. ஐந்து பதினைந்து. தன் போனை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனான், முறைப்பாட்டை மீளப்பெறுக, அங்கேதான் இருந்தது, காலையில் பார்த்துவைத்த அதே இடத்தில். அமுக்கு. பெருவிரல் மேலே நின்றது. அமுக்கினால் காணொளி இருக்கும், சனல் இருக்கும், இந்தப் பிள்ளை நாளுக்குப் பத்துத்தரம் கேட்கும், பத்துத்தரமும் அவன் குரலில் தொடங்கும், அதை விடுங்கோ, அதை விடுங்கோ, ஒருநாள் வந்து திரும்பக் கேட்கும் எதை விடச் சொன்னனீங்கள் என்று. அமுக்காவிட்டால்... அமுக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சாம்பல் எழுத்தில் பெயர் வந்தால் என்ன, ஐயா வற்புறுத்தினார் என்று சொல்லிக்கொள்ளலாம், யசிந்தாக்காவே சொல்லிக்கொடுப்பார், நீர் கமராவைத்தானே பிடிச்சனீர் என்று. இந்த ஏழு நாளும் தான் ஐயாவுக்காகச் செய்த ஒரு காரியத்தை எப்படிக் கலைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தான். ஐந்து பதினேழு. இப்போதுதான், யாகோப்பு அண்ணை செபமாலையின் இரண்டாம் பத்து மணியை உருட்டும்போது, அந்தக் காணொளி போகவேண்டும் என்று ஐயாவுக்காக இல்லாமல் தனக்காகவே, முழு மனதோடு, அவன் விரும்பினான். படிவத்தில் நல்லெண்ணத்துடன் நம்புகிறீர்களா என்று கேட்ட இடத்தில் அன்றைக்கு ஓம் என்று போட்டவனை விட இன்றைக்கு இருப்பவன் எவ்வளவு மோசமானவன் என்று பார்த்துக்கொண்டே இருந்தான், விரல் மேலேயும் போகவில்லை கீழேயும் வரவில்லை. முன்வரிசையில் றொசாந்தி செபத்துக்கு நடுவே ஒருதரம் திரும்பி அவனைப் பார்த்தாள். நேரலைத் திரையில் கனடாவிலிருந்து ஜெரிசன் எழுதியிருந்தான், "ஓம் அண்ணை, இப்ப நல்லாக் கேக்குது."